கூரத்து மணிக்கதவு

காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது கூரம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர். பதினோராம் நூற்றாண்டில், இராமாநுசரின் முதன்மைச் சீடர்களில் ஒருவராக அறியப்படுவதற்கு முன்பு, அவர் அந்த ஊரின் பெரும் செல்வர். விடிந்ததிலிருந்து இரவு வரை அவர் வீட்டில் அன்னதானம் நடக்கும். கடைசி ஆள் உண்டு போனபிறகு மாளிகையின் பெருங்கதவைச் சாத்துவார்கள். மணிகள் கோத்த கனத்த கதவு. சாத்தும்போது எழும் ஓசை காஞ்சி வரதராசர் கோயில்வரை கேட்குமாம். பெருந்தேவித் தாயாரே, ‘இது எந்தக் கோயிலின் கதவு?’ என்று விசாரித்ததாக வைணவ குருபரம்பரைக் கதை சொல்கிறது. செய்தி காதுக்கு எட்டியதும் ஆழ்வான் கூசிப்போனார். தன் செல்வம் இவ்வளவு சத்தம் போடுகிறதே என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவரங்கத்துக்குக் கிளம்பினார்.

இத்தனை தொலைவு ஓசை கேட்குமா என்பதை உங்கள் பக்திக்கே விட்டுவிடுகிறேன். எனக்கு அந்தக் கதவின்மேல்தான் கண். அதைச் சாத்தியவர் யாராவது ஒரு வேலையாளாக இருந்திருப்பார். பெரிய பயில்வானாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மெல்லத் தள்ளியிருப்பார், கதவு மெல்ல நகர்ந்திருக்கும். மெல்லத் தள்ளிய கதவு எப்படி ஊரையே எழுப்பும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கதவின் நிறை 200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீலின் உராய்வை மறந்துவிடுவோம். கதவு சுழல்கிறது, நேராக நகர்வதில்லை. அந்தச் சிக்கலை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவைத்து, கதவின் நடுப்பகுதி மட்டும் எப்படி நகர்கிறது என்று கவனிப்போம். வேலையாள் ஒரு மீட்டர் தொலைவுக்கு ஒரே சீராகத் தள்ளுகிறார். முடிவில் நடுப்பகுதியின் வேகம் நொடிக்கு அரை மீட்டர், அதாவது ஆமையைவிடக் கூடுதல், நடையைவிடக் குறைவு. இதற்கு அவர் கொடுத்த விசை 25 நியூட்டன். இரண்டரை கிலோ காய்கறிப் பையைத் தூக்கிப் பிடிக்க எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுதான்.

இப்போது கதவு நிலையில் மோதுகிறது. மரம் நசுங்கி, நிலை அதிர்ந்து, ஐந்து மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் தள்ளிச் சேர்த்த வேகத்தை ஐந்து மில்லிமீட்டரில் இழக்க வேண்டும். தொலைவு இருநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆகவே விசை இருநூறு மடங்காகிறது. 5,000 நியூட்டன். அரை டன் எடை கதவின்மேல் வந்து விழுந்தது போல. மணிகள் அலறாமல் என்ன செய்யும்?

விசை, நிறை, முடுக்கம் என்ற மூன்றையும் பள்ளியில் ஒரே வரியில் படித்திருப்போம்: விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் வருவது. தேர்வில் எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த வரிக்குள் இந்தக் கதவு இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. முடுக்கம் என்றால் வேகமல்ல, வேகம் மாறும் விரைவு. கதவு நகர்ந்துகொண்டிருந்தபோது அதற்குப் பெரிய விசை தேவைப்படவில்லை. வேகத்தை மாற்றவேண்டி வந்த இடங்களில்தான், அதிலும் சட்டென்று மாற்றவேண்டி வந்த கடைசி ஐந்து மில்லிமீட்டரில்தான், விசை விசுவரூபம் எடுத்தது.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதன் அளவு; ‘எடை’ என்பது புவி அதை இழுக்கும் விசை. யாழ்ப்பாணத்து மாணவரிடம் கேளுங்கள். முன்னதை அவர் ‘திணிவு’ என்பார். ‘நிறை’ என்றால் அவருக்கு எடை! முடுக்கத்தை அவர்கள் ‘ஆர்முடுகல்’ என்கிறார்கள். பாக் நீரிணையைக் கடந்தால் ஒரு சொல்லுக்குப் பொருள் இடம் மாறிவிடுகிறது. எனக்கென்னவோ ‘திணிவு’ இன்னும் பொருத்தமான சொல்லாகவே படுகிறது. திணித்து வைத்தது, அசைய மறுப்பது என்ற உணர்வு அதில் இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் படிக்கும் சொல்லையே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

நியூட்டனின் ‘பிரின்சிபியா’ 1687-இல் வந்தது. அதில் நாம் மனப்பாடம் செய்த சமன்பாடு அந்த வடிவில் இல்லை. இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு ஏற்ற அளவில், அந்த விசையின் திசையில் இருக்கும் என்று சொற்களில்தான் எழுதினார். அதை இன்றைய கணித உருவத்தில் எந்திரவியல் முழுவதற்கும் அடிப்படையாக நிறுத்தியதில் பெரும் பங்கு லியோனார்டு ஆய்லருக்கு, 1750-இல். விசையின் அலகுக்கு நியூட்டன் பெயரைச் சூட்டியது அதற்கும் வெகுகாலம் கழித்து, 1948-இல். ஒரு நியூட்டன் என்றால் கையில் நூறு கிராம் எடையைத் தாங்குவது போல என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்த அத்தியாயத்தின் கணக்கெல்லாம் கைக்குள் அடங்கிவிடும்.

காஞ்சி வட்டாரத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒரு சோதனை. ஒரு கிலோ படிக்கல்லில் மேலே ஒரு நூலும் கீழே அதே போன்ற இன்னொரு நூலும் கட்டுங்கள். மேல் நூலை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே ஒரு தலையணை போட மறக்க வேண்டாம். கீழ் நூலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல் நூல் அறும். அடுத்த முறை, அதே கல், அதே நூல், வெடுக்கென்று இழுங்கள். கீழ் நூல் அறும், கல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

முதல் முடிவு புரிகிறது: மேல் நூல் கல்லையும் சுமக்கிறது, உங்கள் இழுப்பையும் சுமக்கிறது. இரண்டாவது? நூல் 20 நியூட்டனில் அறும் என்றும், அதற்குமுன் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நீளும் என்றும் கொள்வோம். மேல் நூல் நீள வேண்டுமானால் முதலில் கல் கீழே இறங்க வேண்டும். நீங்கள் வெடுக்கென்று இழுத்தது நொடியில் நூற்றில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் அந்த இழுப்புக்குக் கல் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. கல்லுக்குத் தெரிய வருவதற்குள் கீழ் நூல் கதை முடிந்துவிட்டது. மேல் நூலுக்கு நடந்தது எதுவும் தெரியாது. பாவு நூல் அறுந்து அறுந்து போகிறது என்று சலித்துக்கொள்ளும் புதுக்கைத் தறிகாரரிடம் பெரியவர்கள் ‘வெடுக்கு வெடுக்குன்னு இழுக்காதே’ என்று சொல்வதற்கும் பின்னால் இருப்பது இதுதான்.

மறுபடியும் கூரத்துக்கு வருவோம். ஆழ்வானுக்கு நானூறு ஆண்டு முன்பே இந்த ஊருக்கு ஒரு சாசனம் எழுதப்பட்டது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அவன் இங்கே எடுப்பித்த சிவன் கோயில், பாலாற்றிலிருந்து ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு என்ற வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு எல்லாம் அதில் வருகின்றன. போரில் சாளுக்கிய விக்கிரமாதித்தனைத் தோற்றோடச் செய்த பெருமையும் வருகிறது. போருக்குப் போன யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம். அரசனுக்கு இரண்டு வாகனம் எதற்கு? யானையின் நிறை சுமார் 4,000 கிலோ, குதிரையின் நிறை சுமார் 400 என்று வைத்தால், நம் சமன்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் போர்க்களத்தில் கிடைக்காது.

ஒரே விசையால் தள்ளினால் யானையின் முடுக்கம் குதிரையினுடையதில் பத்தில் ஒன்று. ஆனால் யானையின் கால்களும் பெரியவை அல்லவா, விசையும் பத்து மடங்கு இருக்காதா? இருக்காது. தசையின் விசை அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. நிறையோ கன அளவைப் பொறுத்தது. பத்து மடங்கு நிறை உள்ள, அதே உடல்வாகு கொண்ட விலங்குக்குத் தசைப் பரப்பு நான்கரை மடங்கைத்தான் ஒட்டி வரும். ஆகவே முடுக்கம் பாதிக்கும் குறைவு. இதன் வேரை கலிலியோ 1638-இல் எழுதிய நூலிலேயே காணலாம். அதிசயம் புறப்பட்டுத் திரும்பி வருவதற்குள் அரிவாரணம் நடக்கத் தொடங்கியிருக்கும். ஓடத் தொடங்கிய யானையை நிறுத்தவும் அதே கஷ்டம். மிரண்ட போர்யானை எதிரியைவிடத் தன் படையையே மிதித்த கதைகள் உலகெங்கும் இருப்பது தற்செயல் அல்ல. பரமேசுவரவர்மனின் கூரத்துக் கோயில் தூங்கானை மாடம், அதாவது பின்புறம் படுத்த யானையின் முதுகு போல வளைந்தது. எழுப்புவது சுலபமில்லை என்று அந்த யானையைப் பார்த்தாலே தெரியும்.

இதுவரை உராய்வை ஒதுக்கிவைத்தோம். அது நியாயமில்லை. தள்ளுவதை நிறுத்தினால் பொருள் நின்றுவிடுகிறது, ஆகவே விசைதான் ஓட்டத்தைக் காப்பாற்றுகிறது என்று மனிதர் இரண்டாயிரம் ஆண்டு நம்பியதற்குக் காரணமே உராய்வுதான். அந்த மயக்கத்தைக் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் தேரோட்டத்துக்குப் போக வேண்டும். வைகாசிப் பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் காஞ்சி வரதர் தேர். வடத்தில் கை வைத்தவர்கள் அத்தனை பேரும் தேரின் நிறையைத்தான் இழுக்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

கணக்குக்குத் திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்கிறேன். அலங்கரித்தபின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன் என்று சொல்வார்கள். நிலையிலிருந்து கிளப்பி, பத்து நொடியில் நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு விசை? நிறை 3 இலட்சம் கிலோ, முடுக்கம் 0.03. பெருக்கினால் 9,000 நியூட்டன். ஒரு ஆள் சுமார் 200 நியூட்டன் இழுத்தால் 45 பேர் போதும்! ஒரு தெருவின் கபடிக் குழுக்களே தேரைக் கிளப்பிவிடலாம்.

உராய்வை இப்போது உள்ளே விடுங்கள். மரச்சக்கரம், மர அச்சு, மண் தெரு. எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு எதிர்விசை இருந்தால் அது 88,000 நியூட்டன். 440 பேர். ஆக, தேரின் நிறைக்காக இழுப்பவர்கள் 45 பேர், அச்சுக்காகவும் தெருவுக்காகவும் இழுப்பவர்கள் 440 பேர். அதுவும் தேர் கிளம்பிய பிறகு முதல் 45 பேருக்கு வேலை இல்லை. மற்றவர்கள் நிலைக்கு வரும்வரை விட முடியாது. உண்மையில் கூட்டம் இதைவிடப் பல மடங்கு. எல்லோரும் ஒரே சமயத்தில், ஒரே பக்கம், முழு மூச்சாக இழுப்பதில்லை என்பது தேர் இழுத்த எல்லோருக்கும் தெரியும். சிலர் வடத்தைத் தொட்டுக் கும்பிடத்தான் வருகிறார்கள். நின்ற தேர் கிளம்ப மறுக்கும்போது பின்சக்கரத்துக்கு அடியில் பெரிய கட்டையைக் கொடுத்து நெம்புவதும் நிறைக்காக அல்ல. நின்றுகொண்டிருக்கும் பரப்புகளின் உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்புகளின் உராய்வைவிட அதிகம். அந்த முதல் விரற்கடைதான் பிரச்சினை.

திருவாரூர்த் தேர் 1948-க்குப் பிறகு நெடுங்காலம் ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் ஓடியது. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செய்துகொடுத்தது. ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. தெய்வத்தின் தேருக்கு லாரிக்குப் போடுவது போலப் பிரேக்கா என்று கேட்டவர்கள் உண்டு. நல்ல சக்கரம் போட்டால் பிரேக் போட்டே ஆகவேண்டும் என்பதைச் சமன்பாடு சொல்கிறது.

பழைய மரச்சக்கரத் தேர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருகிறது, இழுப்பவர்கள் வடத்தை விட்டுவிடுகிறார்கள். மூன்று பங்கு உராய்வே அதை ஒன்றே முக்கால் மீட்டரில் நிறுத்திவிடும். உராய்வு ஒரு பங்காகக் குறைந்தால் இழுக்க 150 பேர் போதும். ஆனால் விட்டபிறகு தேர் ஐந்து மீட்டர் வரும். தெரு நூறடிக்கு ஓரடி சரிந்திருந்தால்? உராய்வும் சரிவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். தேர் நிற்கவே நிற்காது. 300 டன்னுக்கு எதிரே மிச்சமிருப்பது சக்கரத்தடியில் கட்டை போடுபவரின் கண் மட்டுமே. அரசியல் மேடையில் ‘முட்டுக்கட்டை’ என்பது வசைச்சொல். தேருக்கு முன்னால் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்துகொண்டே, கட்டையைச் சரியான கோணத்தில் செருகி எடுப்பவரை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தச் சொல்லை மறுபடி பயன்படுத்திப் பாருங்கள். அவர் கட்டையை நட்டுவைத்து ஒரேயடியாக நிறுத்துவதில்லை. சக்கரம் கட்டையின்மேல் ஏற முயன்று, உரசி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் நிற்கிறது. அந்தக் கொஞ்ச தூரத்தை அவர் கொடுக்காவிட்டால் தேர் உச்சியின் கலசத்துக்குக் கூரத்துக் கதவின் கதிதான்.

தேரின் நிறையைக் குறைக்க யாரும் ஆசைப்படுவதில்லை. தறியில் அந்த ஆசை இருந்தது. நெசவின் வரலாற்றை நாடாவின் நிறையைக் குறைத்துக்கொண்டே வந்த கதையாகவும் சொல்லலாம்.

காஞ்சிக் குழித்தறியில் உட்கார்ந்து பாருங்கள். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன, நடுவே உண்டாகும் இடைவெளியில் நாடா பாய்கிறது, அதன் வயிற்றிலிருந்து ஊடை நூல் அவிழ்ந்து பின்னால் படிகிறது, பன்னை அதை அடித்து நெருக்குகிறது. மரநாடாவும் உள்ளே கண்டும் சேர்ந்து கால் கிலோ என்று கொள்வோம். அது இடவேண்டிய நூல் எவ்வளவு? டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் நிறை கிராமில். 60 டெனியர் பட்டு, புடவை அகலம் 1.2 மீட்டர். கணக்கிட்டால் எட்டு மில்லிகிராம். எட்டு மில்லிகிராம் நூலைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அதைப்போல முப்பதாயிரம் மடங்கு நிறையுள்ள மரத்துண்டைக் கிளப்பி, பறக்கவிட்டு, நிறுத்தி, மறுபடி கிளப்பி, ஒரு புடவைக்குப் பல்லாயிரம் முறை. எந்தப் பொறியாளருக்கும் தூக்கம் வராது.

ஜான் கே 1733-இல் இங்கிலாந்தில் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும். கைநீட்டுக்குமேல் அகலமான துணியையும் ஒருவரே நெய்யலாம். நிறை அப்படியே இருந்தது. விசைத்தறி வந்தபோது வேகம் ஏறியது. அரைக் கிலோ நாடாவை இருபது சென்டிமீட்டருக்குள் நொடிக்கு 12 மீட்டருக்குக் கொண்டுவர, சராசரி 180 நியூட்டன் வேண்டும். நிமிடத்துக்கு நூறு தடவைக்குமேல் அந்த அடி, அந்த நிறுத்தல். விசைத்தறிக் கூடத்தின் காதைப் பிளக்கும் சத்தத்தில் பெரும்பங்கு அந்த நாடாவினுடையது. இந்தக் காலத்து மணிக்கதவு.

1953-இல் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் நாடாவே இல்லாத தறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூற்கண்டைச் சுமந்து பறப்பானேன், நூலின் நுனியை மட்டும் கவ்விப் பறந்தால் போதாதா? சுண்டுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய உலோகத்துண்டு, 40 கிராம். நொடிக்கு 24 மீட்டர் வேகத்தை அதற்கு ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குள் கொடுத்தால் சராசரி விசை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 180 நியூட்டன். பழைய நாடாவுக்குக் கொடுத்த அதே விசை! நிறை பன்னிரண்டில் ஒரு பங்காகியது. முடுக்கம் பன்னிரண்டு மடங்காகியது. சமன்பாடு இவ்வளவு சுத்தமாகத் தொழிற்சாலையில் கிடைப்பது அரிது. காற்றுத்தறியும் வந்தது. அதில் பறக்கும் துண்டுகூட இல்லை. காற்று நூலை மட்டும் ஊதிக்கொண்டு போகிறது. முப்பதாயிரம் மடங்கு ஒன்றாகிவிட்டது.

காஞ்சியில் கோர்வைப் புடவை நெய்பவர் இன்னும் கால் கிலோவைத்தான் வீசுகிறார். உடல் ஒரு நிறம், இருபுறக் கரை வேறு நிறம்; அதனால் ஒரே வரிசைக்கு மூன்று நாடா. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். காற்றால் ஊத முடிகிற வேலை அல்ல. ஆகவே இரண்டு பேர்: நெய்பவர், பக்கத்தில் துணைக்கு ஒருவர். நெய்பவர் வீசுகிறார், நாடா நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வருகிறது, துணையாள் பிடிக்கிறார். பிடிக்கும் கையைக் கவனியுங்கள். அது நாடாவுக்காக ஓரிடத்தில் காத்திருப்பதில்லை. நாடா விரலைத் தொடும் கணத்தில் அதே திசையில் ஒரு சாண் பின்வாங்குகிறது. கையை இறுக்கி ஒரு சென்டிமீட்டரில் நிறுத்தினால் 110 நியூட்டனுக்குமேல். ஒரு சாண் கொடுத்தால் 6 நியூட்டனுக்கும் குறைவு. அதே சாணில் கையைத் திருப்பி, அந்தப் பின்வாங்கலின் முடிவிலிருந்தே அடுத்த வீச்சைத் தொடங்குகிறார்.